முத்திரைக்காரரின் காற்று

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் டயர்களுக்குக் காற்றுப் பார்ப்பது அந்த வீட்டில் முத்திரைக்காரரின் வேலை. ஒட்டடை அடிப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, தலையணை உறை மாற்றுவது எல்லாம் யாருக்கு ஒழிகிறதோ அவர்கள் தலையில் விடியும். காற்று மட்டும் கை மாறாது. பல் தேய்த்து ஓய்ந்த பழைய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி, நான்கு டயர்களின் வால்வு மூடிகளையும் கழற்றி, தேய்த்து, துடைத்து, திரும்பவும் மாட்டுவார்.

“அங்க போனதும் மறுபடி கழட்டத்தானே போறீங்க மாமா?” என்று கேட்பான் அவருடைய மைத்துனன். கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். முகமும் அக்காவின் முகத்தை அப்படியே பிரதி எடுத்து மீசை ஒட்டியதுபோல் இருக்கும் என்பதால் ஜெராக்ஸ் என்ற பெயர் அவனுக்கு இரண்டு வழியிலும் பொருந்தியது.

“அழுக்கோட போய் நின்னா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“டயரைப் பத்தியா, உங்களைப் பத்தியா?”

அதற்குள் கார் கிளம்பிவிடும்.

தெருமுனையிலேயே ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அதைக் கடந்து போவார். பெரிய சாலையில் இன்னொன்று. அதையும் கடந்து போவார். ஊரைச் சுற்றிப் போகும் சாலையில் ஏறி, கிடங்குகள் வரிசையாக நிற்கும் பகுதியைத் தாண்டி, ஊர் முடியும் இடத்தில் இருக்கும் மூன்றாவது பங்க்கில்தான் காற்றுப் பார்ப்பார். போக அரை மணி, வர அரை மணி. தெருமுனைக்காரனின் மீட்டர் உள்ளதைவிட இரண்டு கூடக் காட்டும். பெரிய சாலைக்காரன் மீட்டரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு காற்றடிப்பான். மூன்றாவது பங்க்கின் மீட்டர் யோக்கியமானது. அதை அவரே ஒருமுறை சோதித்திருக்கிறார்.

சோதிப்பதுதான் அவருடைய உத்தியோகம். கடைகளில் இருக்கும் தராசு, எடைக்கல், லிட்டர் அளவை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்தும் அரசாங்க ஆய்வாளர். அவர் ஜீப் மார்க்கெட்டுக்குள் திரும்பியதுமே வெங்காயக் கடைக்காரர்களின் கைகள் தாமாகத் தட்டைத் துடைக்க ஆரம்பிக்கும். எடை குறைந்தால் தராசைப் பறிமுதல் செய்வார். கூடினால் அதற்கும் திட்டு விழும். அவரைப் பார்த்த பயத்தில் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடும் கடைக்காரரிடம், “கூடப் போட்டாலும் தப்பு அளவுதான்” என்று திருப்பி எடுக்க வைப்பார். வீட்டுக்குக் காய்கறி வாங்க அவரை யாரும் அனுப்புவதில்லை. ஜெராக்ஸ்தான் போவான்.

கடைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. “ஐயா, சத்தியமா தெரியாம நடந்துபோச்சு.” அதற்கு அவருடைய வசனமும் ஒன்றுதான். “தெரியாம குறைஞ்சாலும் வாங்கினவனுக்குக் குறைச்சல் குறைச்சல்தான்.” குரலை உயர்த்தாமல், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற தோரணையில் சொல்வார். கடைக்காரர்கள் தாமாகவே தராசைத் தூக்கி நீட்டிவிடுவார்கள்.

அவர் மனைவி பெரியாஸ்பத்திரியில் ஆண்கள் வார்டின் நர்ஸ். தெருவுக்கே அவள் சிஸ்டர். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குக் கூட முதலில் வந்த வார்த்தை அதுதான் என்று சொல்வார்கள். அவர் ஒருவர் மட்டும் அப்படிக் கூப்பிட முடியாத நிலையில் இருந்ததால், கல்யாணமான நாளிலிருந்து “இங்க பாரு” என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்.

இரண்டு பேரும் பேசிக்கொள்வது காரில்தான். வீட்டில் பேச நேரமில்லை என்பதல்ல. வீட்டில் இருந்தால் அவர் செய்தி கேட்பார், அவள் தூங்குவாள். காலையில் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோய் விடும் வழியில் மட்டும் பேச்சு தானாக வரும். அவர் மார்க்கெட் கதைகள் சொல்வார். அவள் வார்டு கதைகள் சொல்வாள், பெயர் சொல்லாமல், கட்டிலைச் சொல்லி. கதவோரக் கட்டில், மின்விசிறிக் கட்டில், ஜன்னல் கட்டில். எந்தக் கதையும் ஒரே நாளில் முடியாது. ஆஸ்பத்திரி வாசல் வந்ததும், “மிச்சம் நாளைக்கு” என்று இறங்கிப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஜன்னல் கட்டில் பெரியவரின் கதை. தினமும் ராத்திரி படுக்கும்போது அவர் தன் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பாராம். கண் விழித்ததும் மாட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடலாம் என்ற யோசனை. காலையில் தரை துடைக்க வரும் பெண் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். ராத்திரி மறுபடி வாசல். இப்படியே போய்க்கொண்டிருந்தது. பெரியவருக்கு ஒரு மகள். அப்பாவும் மகளும் பேசி வருஷக்கணக்காகிறது. அவள் வருவாளா மாட்டாளா என்பதில் வார்டு இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. முத்திரைக்காரர் வர மாட்டாள் என்ற கட்சி.

“நேத்து பொண்ணு வந்தா” என்றாள் சிஸ்டர், அன்றைக்குக் கார் சுற்றுச்சாலையில் ஏறியதும்.

“வந்துட்டாளா?”

“வந்து கட்டில் பக்கத்துல நின்னா. உக்காரல. அவரும் பாக்கல. ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா எந்திரிச்சு உக்காந்தார். குனிஞ்சு அந்தச் செருப்பை எடுத்து…”

அப்போதுதான் டயர் வெடித்தது.

அவள் உட்கார்ந்திருந்த பக்கத்து முன் டயர். பட்டாசு வெடித்ததுபோல் இல்லை, யாரோ பெரிய கதவை அறைந்து சாத்தியதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள். கார் ஒரு பக்கமாக இழுத்தது. முத்திரைக்காரர் பிரேக்கை மிதிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக வேகம் குறையும் வரை விட்டுப் பிடித்து, ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

“நல்லா நிறுத்துனீங்க” என்றாள் அவள். அவளுடைய கை கதவுப் பிடியை விட மறந்திருந்தது.

“இரு, ஸ்டெப்னி மாத்திடறேன்.”

டிக்கியைத் திறந்து, அதிலிருந்த குடை, பழைய போர்வை, நசுங்கிய அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்து, அடியில் கிடந்த ஸ்டெப்னியைத் தூக்கி எடுத்தார். தரையில் நிறுத்திக் கையால் அழுத்தினார். அது தலையணைபோல் உள்ளே போனது.

ஓடும் நான்கு டயர்களுக்குத்தான் வாராவாரம் காற்று. ஸ்டெப்னிக்குப் பார்த்ததே இல்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கடையில் புழங்குகிற எடைக்கல்லுக்குத்தான் முத்திரை வேண்டும். பரணில் சும்மா கிடக்கிற கல்லுக்கு வேண்டாம். அவர்கள் ஆபீஸில் அதுதான் நடைமுறை.

“காத்து இல்லையா?”

“கொஞ்சம் குறைச்சலா இருக்கு.”

“கொஞ்சமா?”

அவர் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியின் ஷிப்ட் வேன் வந்தது. உள்ளே இருந்த நர்ஸுகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக் கூச்சல் போட்டதில் டிரைவர் நிறுத்திவிட்டார். சிஸ்டர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். “டூட்டி மாத்திவிட ஆள் காத்துக்கிட்டு இருப்பா” என்று ஏறிப் போனாள். வேன் போன பிறகும் வெகுநேரம் வரை முத்திரைக்காரர் ஒரு கையால் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டே நின்றார். செருப்பை எடுத்து அந்த ஆள் என்ன செய்தார் என்ற கேள்வி அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

போன் செய்து வரவழைத்த பம்ப்பால் ஸ்டெப்னிக்குக் காற்றடித்து மாட்டி, காரை டயர் கடைக்கு ஓட்டிப்போனார். கடைக்காரர் வெடித்த டயரை உருட்டிவந்து வெளிச்சத்தில் சாய்த்து வைத்தார். டயரின் மேலிருக்கும் கட்டம் கட்டமான வெட்டுகளுக்கு அவர்கள் பாஷையில் பட்டன் என்று பெயர்.

“நடுவுல பாருங்க சார், பட்டன் அப்படியே இருக்கு. ரெண்டு ஓரமும் மொட்டை. உள்ள கம்பியே எட்டிப் பாக்குது. காத்து கம்மியா ஓடியிருக்கு.”

“என் வண்டியிலயா? வாராவாரம் பாக்கிறேன்.”

“வாராவாரம் பாத்து கம்மியா ஓட்டியிருக்கீங்க.”

“உங்க மீட்டருக்கு கடைசியா எப்போ சோதனை நடந்துச்சு?”

“நான் மீட்டர் வெச்சே பாக்கலையே சார். கண்ணாலதான் பாக்கிறேன்.” கடைக்காரர் தன் மீட்டரை எடுத்து மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். முத்திரைக்காரரின் உத்தியோகம் அவருக்கும் தெரியும்.

காற்றுக் கூடினால் டயர் நடுவில் தேயும், குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும் என்பது முத்திரைக்காரர் அறியாததல்ல. ஆனால் மூன்றாவது பங்க்கின் மீட்டர் பொய் சொல்லாது. அதனால் டயர்தான் பொய் சொல்கிறது என்று முடிவு செய்தார். முன்பக்கம் இரண்டும் புதிது மாட்டி, பழைய இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடிப்படிக்குக் கீழே சாட்சிபோல் நிறுத்தி வைத்தார்.

மறுநாள் காலையில் அவர் கார்ச் சாவியை எடுத்தபோது சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் வேன்ல போறேன்.”

“டயர் மாத்தியாச்சே. ஸ்டெப்னிக்கும் காத்து அடிச்சாச்சு.”

“ஏன் வெடிச்சது?”

“அது… ரோட்டுல ஏதாவது குத்தியிருக்கும்.”

“ஆணி இருந்துச்சா?”

“ஆணி இல்ல.”

“வார்டுல ஒருத்தர் மயங்கி விழுந்தா, எழுப்பி உக்கார வெச்சு டீ குடுத்து வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். ஏன் விழுந்தார்னு தெரியணும். நீங்க காரணத்தைக் கண்டுபிடிங்க. அப்புறம் உக்கார்றேன். எனக்குக் கோவம் எல்லாம் இல்ல.”

கோபம் இல்லை என்பதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. கோபம் என்றால் ஆறும்.

கீழே வேன் ஹாரன் கேட்டது. “சரி, அந்தச் செருப்பை எடுத்து என்ன பண்ணார், அதையாவது சொல்லிட்டுப் போ” என்றார்.

“அது கார்ல சொல்ற கதை” என்று படியிறங்கினாள்.

அதற்குப் பிறகு அவர் காலைகள் நீளமாகிவிட்டன. தனியாக ஆபீசுக்குப் போனார். பக்கத்து இருக்கையில் சாப்பாட்டு டப்பா உட்கார்ந்து வந்தது. வளைவில் அது சரிந்தால் கையால் தடுத்துப் பிடித்தார். மார்க்கெட்டில் ஒரு மீன்காரர் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். அருமையான கதை. சொல்ல ஆள் இல்லை. ஜெராக்ஸிடம் சொல்லிப் பார்த்தார். அவன் பாதியிலேயே, “காந்தம் எங்க கிடைக்கும் மாமா?” என்று கேட்டுக் கதையைக் கெடுத்துவிட்டான்.

சிஸ்டருக்கோ வேன் பிடித்துப்போனது. அவள் அதை மறைக்கவும் இல்லை. வேனில் முன் இருக்கை அவளுக்கு. ஏறினவர்களை எண்ணிப் பார்த்து அவள் “போலாம்” என்று சொன்னால்தான் டிரைவர் கியரைப் போடுவார். சாயங்காலம் வேனில் நடந்ததைச் சொல்லித் தனியாகச் சிரிப்பாள். வார்டு கதைகளை மட்டும் சொல்ல மாட்டாள்.

அவர் காரணம் தேடினார். சாலையைச் சந்தேகப்பட்டார். விட்டுவிட்டு மூன்று தரம் சுற்றுச்சாலைக்குப் போய், வெடித்த இடத்தில் குனிந்து நடந்து பார்த்தார். ஏதோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து ஒரு சைக்கிள்காரர் இறங்கிக் கூடவே தேடினார். டயரின் வயதைச் சந்தேகப்பட்டார். பக்கச் சுவரில் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தால் இன்னும் ஓடும் வயதுதான். கார்க் கதவின் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை மறுபடி படித்தார். காற்றழுத்தம் முப்பத்து மூன்று, டயர் குளிர்ந்திருக்கும்போது. அது அவருக்கு மனப்பாடம். அதனால்தானே ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் கிளம்புகிறார். வெயிலில் நின்ற டயருக்கு யாராவது காற்றுப் பார்ப்பார்களா?

மூன்றாவது பங்க்கிலும் போய் விசாரித்தார். அங்கே காற்றடிப்பவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. மேல்சட்டைப் பையில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும்.

“மீட்டர்ல கை வெச்சீங்களா?”

“நானா? நீங்க போன வாரமும் அதுக்கு முந்தின வாரமும் கொஞ்சம் காத்தை எறக்கச் சொன்னீங்க, எறக்கினேன். வெயில் காலம் வந்தா நீங்க எறக்கத்தான் சொல்வீங்க. மத்தவங்க எல்லாம் ஏத்த வர்றாங்க, நீங்க ஒருத்தர்தான் எறக்க இவ்வளவு தூரம் வர்றீங்க.”

புதிய டயர்கள் இரண்டும் அன்றைக்கு முப்பத்தேழு காட்டின. டயர் கடைக்காரன் அலட்சியமாக அடித்திருக்கிறான் என்று எண்ணி, முப்பத்து மூன்றுக்கு இறக்கச் சொன்னார். முள் சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றபோது அவருக்கு வழக்கமான திருப்தி உண்டாயிற்று.

வீடு திரும்பி, மாடி ஏறி உள்ளே வந்தால் கூடத்தில் சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். தம்பிக்குப் பார்த்து முடித்திருந்தாள். மாதம் ஒரு முறை இருவருக்கும் பார்ப்பது வழக்கம். இவர் உட்காருவதற்குள் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றி, ரப்பர்க் குமிழை அழுத்தினாள்.

“கூடியிருக்கு” என்றாள்.

“கூடாம?” என்றார் அவர். “நான் என்ன சொல்றேன்னா, வெயில்ல அலைஞ்சு, மாடி ஏறி, மூச்சு வாங்கிட்டு வர்றேன். வந்த நிமிஷமே பட்டையைச் சுத்தினா அது கூடத்தான் காட்டும். அது என்னோட அழுத்தம் இல்ல, மாடிப்படியோட அழுத்தம். இங்க பாரு, கருவி சரியா இருந்தா மட்டும் போதாது. எடுக்கிற நேரமும் சரியா இருக்கணும். மனுஷனை உக்கார வெச்சு, ஆற விட்டு, அப்புறம் எடுக்கணும். நர்ஸு நீ, உனக்கு நான் சொல்லணுமா?”

“அதையெல்லாம் நல்லா சொல்வீங்க” என்றாள் அவள், பட்டையைத் தளர்த்தாமல்.

ஜெராக்ஸ் டீ குடித்துக்கொண்டிருந்தான். “வாயில்லா ஜீவன் டயரு. அதுக்கும் இப்படிப் பேச வாய் இருந்தா, ‘ஊரைச் சுத்தி ஓடி வந்திருக்கேன், கொஞ்சம் ஆற விட்டு எடுய்யா’ன்னு கேக்கும். பாவம், நீங்க போன உடனே புடிச்சுக் குத்திடறீங்க” என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

அவன் சிரிப்பு முடிந்த பிறகுதான் வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்தது. முத்திரைக்காரர் கையில் பட்டையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா ஏதும் சொல்லிட்டேனா?” என்றான் ஜெராக்ஸ்.

“பட்டையைக் கழட்டிவிடு” என்றார் முத்திரைக்காரர்.

“இன்னொரு தரம் எடுக்கணுமே?”

“அப்புறம்.”

அவர் கையை உருவிக்கொண்டு கீழே இறங்கிப் போய், இப்போதுதான் நிறுத்திய காரின் டயரைத் தொட்டுப் பார்த்தார். ஆறாத டீ டம்ளர் போல் கதகதவென்று இருந்தது. வருஷக்கணக்கில் அந்தக் காரை ஓட்டுகிறார். ஓடி வந்த டயரைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

கைக்கு அடக்கமான சின்ன மீட்டர் ஒன்று வாங்குவது அவருக்கு எளிதாக இல்லை. பேனா மாதிரி இருக்கும் அந்தப் பொருள்மேல் எந்த முத்திரையும் கிடையாது. கடையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, முகவரி தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவதுபோல் இருந்தது. ஆனால் வேறு வழியில்லை. யோக்கியமான மீட்டர் அரை மணி தூரத்தில் இருக்கிறது. டயர் குளிர்ந்திருப்பது வீட்டு வாசலில் மட்டும்தான். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை முடிந்ததும் சின்ன மீட்டரை எடுத்துக்கொண்டு மூன்றாவது பங்க்குக்கே போனார். ஒரே டயரில் முதலில் பெரியது, பிறகு சின்னது, மறுபடி பெரியது. நான்கு டயரிலும் அப்படியே. இரண்டும் ஒன்றையே சொல்லின.

“இன்னிக்கு எறக்கணுமா?” என்று கேட்டார் ரேடியோ பெண்மணி.

“வேண்டாம். இனி எறக்க வர மாட்டேன்.”

“ஏன் சார், என் மேல ஏதாவது வருத்தமா?”

“உங்க மீட்டர் தங்கம்” என்றார் அவர். அது அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு. அந்தப் பெண்மணிக்கு அது தெரிய நியாயமில்லை.

மறுநாள் காலையில், கார் ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருந்தபோது, பிரஷ் இல்லாமல் இறங்கிப் போனார். மூடியைக் கழற்றிச் சின்ன மீட்டரை வைத்தார். இருபத்தெட்டு. அடுத்தது, இருபத்தெட்டு. பின் டயர்கள் இரண்டும் அதற்கும் சற்றுக் கீழே. சூட்டில் விரிந்த காற்றைக் கூடுதல் என்று எண்ணி அவர் வாராவாரம் திறந்துவிட்டதெல்லாம் டயருக்கு வேண்டிய காற்று. முள் ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, கேட்கக் கூடாத நேரத்தில். மாடிப்படிக்குக் கீழே நின்ற பழைய டயர்களிடம் போய் இரண்டு ஓரங்களையும் விரலால் தடவினார். டயர் பொய் சொல்லவில்லை.

குறைந்த காற்றோடு எங்கும் தூரம் ஓட்டக் கூடாது. அதனால் தெருமுனைப் பங்க்குக்கு மெதுவாக உருட்டிப் போனார். இரண்டு கூடக் காட்டுகிற மீட்டர் என்று ஒரு சமயம் அவர் கூட்டத்துக்கு நடுவே சொல்லிக் காட்டிய அதே பங்க். காற்றடிக்கும் இளைஞன் அவரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“காத்து அடிங்க. சரியான்னு நான் என் மீட்டர்ல பாத்துக்கறேன்.”

“எங்க மீட்டர் கூடக் காட்டும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“ஆமா. இப்பவும் கூடத்தான் காட்டுது. ஆனா பக்கத்துல இருக்கீங்க.”

நான்கும் முப்பத்து மூன்றுக்கு வந்தன. ஸ்டெப்னியையும் இறக்கி அதற்கும் பார்த்தார். அன்றைக்கே பின்பக்கத்து டயர்கள் இரண்டையும் மாற்றினார். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இவரே, “கண்ணால பாத்தது சரிதான்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் சிஸ்டர் வேனிலிருந்து இறங்கி, குளித்து, தலையில் துண்டோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு மேலே வந்திருந்தான். முத்திரைக்காரர் நின்றுகொண்டே பேசினார். கடைகளில் குற்றத்தை எடுத்துச் சொல்லும்போது அவர் உட்காருவதில்லை.

“காரணம் கிடைச்சிடுச்சு. ஓடிச் சூடான டயர்ல காத்துப் பாத்திருக்கேன். சூட்டுல கூடக் காட்டினதை நிஜம்னு நம்பி எறக்கியிருக்கேன். நாலு டயரும் எப்பவும் குறை காத்துலதான் ஓடியிருக்கு. குறை காத்துல டயர் மடிஞ்சு மடிஞ்சு சூடாகி, ஓரம் தேஞ்சு வெடிச்சிருக்கு. அதுக்கு மேல நீ உக்காந்திருந்த.” கொஞ்சம் நிறுத்தினார். “தெரியாம நடந்ததுதான்.”

“தெரியாம நடந்தா?” என்றாள் சிஸ்டர்.

“தெரியாம குறைஞ்சாலும் குறைச்சல் குறைச்சல்தான்.”

“அப்போ காரைப் பறிமுதல் பண்ணிடலாமா மாமா?” என்றான் ஜெராக்ஸ்.

“நீ சும்மா இருடா” என்றாள் அக்கா.

“அவன் கேட்டதுல தப்பில்ல” என்றார் அவர். சின்ன மீட்டரையும் கார்ச் சாவியையும் அவள் முன்னால் மேஜையில் வைத்தார். “இனி காலையில வண்டி எடுக்கறதுக்கு முந்தி, நின்ன இடத்துலயே பாக்கணும். அஞ்சாவதையும் சேத்து. நீயும் பாக்கலாம். நான் பாத்ததை நீ சரி பாக்கலாம்.”

அவள் மீட்டரை எடுத்து, தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “காரணம் சரியாத்தான் இருக்கு” என்றாள்.

“அப்போ நாளைக்கு?”

“வேன்ல ஆள் எண்றது நான்தான்.”

“வேற யாராவது எண்ணலாமே.”

“போன வாரம் நான் லீவு. வேற ஒருத்தி எண்ணினா. ஒரு ஆளை விட்டுட்டுப் போயிட்டாங்க.”

அது அளவுக் குறைவு விஷயம். முத்திரைக்காரர் மேஜையிலிருந்த சாவியை நேராக்கி வைத்தார். ஜெராக்ஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, டீயைக் குடித்தான்.

சிஸ்டர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள். காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். தம்பியின் டம்ளரில் மிச்சமிருந்ததை அவனைக் குடிக்க வைத்து அதையும் வாங்கிக்கொண்டாள். மேஜையிலிருந்த சின்ன மீட்டரை எடுத்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, “வேன் டயரையும் பாக்கணும்” என்று, நாளைக் காலையில் கொண்டுபோக வாசல் பக்கத்தில் தயாராக இருந்த தன் பைக்குள் அதைப் போட்டாள். சாவியைத் தொடவில்லை.

“இங்க பாரு” என்றார் அவர். “அந்தச் செருப்பை எடுத்து என்ன பண்ணார்?”

“கார்ல சொல்ற கதை” என்று அவள் டம்ளர்களோடு எழுந்து சமையலறைக்குள் போனாள்.